பத்தரை மணிப் பசியும் ஒரு பின்குறிப்பும்

திருப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 44. பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறார். மூன்று வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் வில்டாகிளிப்டினும் சேர்ந்த மாத்திரை காலையும் இரவும்; கூடவே காலையில் மட்டும் கிளிமிபிரைடு 1 மில்லிகிராம். நான்கு மாதத்துக்கு முன்னால் எடை 84 கிலோ, ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8.2. பயந்துபோய், யூடியூப் பார்த்து, எண்ணெய், தேங்காய், கடலை, முட்டை எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தியிருக்கிறார். கேஸ் வருகிறதென்று பருப்பையும் விட்டுவிட்டார். காலை ஏழரைக்கு ராகி மாவுக் கஞ்சி, கொழுப்பெடுத்த மோர் விட்டு ஒரு பெரிய டம்ளர். மதியம் ஒரு கப் சோறு, ரசம், வேகவைத்த காய். இரவு எண்ணெய் தொடாத இரண்டு சப்பாத்தி, தக்காளிக் குழம்பு.

முதல் இரண்டு மாதத்தில் 11 கிலோ இறங்கியது. அதன்பின் முள் அசையவில்லை. இப்போது ஒன்றரைக் கிலோ திரும்ப ஏறியிருக்கிறது. "பத்தரை மணி ஆனால் போதும், கையெல்லாம் நடுங்குகிற மாதிரி ஒரு பசி. டிராயரில் இருக்கிற மேரி பிஸ்கட்டில் நாலைத் தின்றால்தான் கணக்கே ஓடுகிறது. தின்ற பிறகு என் மேலேயே கோபம். எனக்கு வாயைக் கட்டத் தெரியலைங்க டாக்டர்" என்று எழுதியிருக்கிறார்.

கேள்விகள் மூன்று. பசியைத் தூண்டும் கிரெலின், பசியை அடக்கும் ஜிஎல்பி-1 என்றெல்லாம் வீடியோவில் சொல்கிறார்களே, அதற்கு ஒரு லேபில் 'ஹார்மோன் பேக்கேஜ்' இருக்கிறதாம், எடுக்கலாமா? பக்கத்து வீட்டுப் பெண் 'ஜிஎல்பி பூஸ்டர்' என்று ஒரு பவுடர் விற்கிறார், மாதம் 2,800 ரூபாய், வாங்கலாமா? நாத்தனார் வாரம் ஓர் ஊசி போட்டு நன்றாக இளைத்துவிட்டார், அதை நானும் போட்டுக்கொள்ளலாமா?

கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு, கீழே இரண்டு வரி: "பின்குறிப்பு: போன மாதம் ஒரு கல்யாணத்தில் பிரியாணி சாப்பிட்ட ராத்திரி வலது விலாவுக்குக் கீழே நல்ல வலி, முதுகு வரைக்கும் போனது. இரண்டு மணி நேரம் இருந்தது, ஒருமுறை வாந்தி. கேஸ் என்று ஓமத் தண்ணீர் குடித்தேன். அதற்கு முன்னும் ஒருமுறை வந்திருக்கிறது."

முதலில் அந்த வலி

சகோதரி, நீங்கள் கடைசியில் எழுதியதிலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது. நாற்பதைத் தாண்டிய பெண், சர்க்கரை நோய், பருத்த உடல், அது குறுகிய காலத்தில் வேகமாக இளைத்தது, எண்ணெய்ச் சாப்பாடு ஒன்றுக்குப் பிறகு வலது விலாவுக்குக் கீழே வலி. இவ்வளவையும் ஒரு மருத்துவ மாணவனிடம் சொன்னால் அவன் வாயில் முதலில் வரும் வார்த்தை பித்தப்பைக் கல். நான் உங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. அதனால் கல் இருக்கிறது என்று கடிதத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்க்காமல் இதைக் கேஸ் கணக்கில் எழுதக் கூடாது.

வேடிக்கை என்னவென்றால், நீங்கள் கேட்ட குடல் ஹார்மோன் கதை முழுவதும் இந்த வலிக்குள்ளேயே இருக்கிறது. கொழுப்பு சிறுகுடலின் தொடக்கத்தில் வந்து இறங்கியதும் அங்குள்ள சில செல்கள் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடும். வாயில் நுழையாத பெயர் என்பதால் நாங்கள் சிசிகே என்போம். கிரேக்க வேர்ச்சொற்களின்படி 'பித்தப்பையை அசைப்பது' என்று அர்த்தம். 1928-ல் ஐவி, ஓல்ட்பெர்க் என்ற இருவர் அதைக் கண்டபோது தெரிந்தது அந்த ஒரு வேலைதான். அதே ஹார்மோன் "போதும்" என்று மூளைக்கும் சொல்கிறது என்பது 1973-ல், எலிகளை வைத்துச் செய்த சோதனையில்தான் வெளியே வந்தது.

நான்கு மாதமாக உங்கள் தட்டில் எண்ணெய் இல்லை. சிசிகேயை எழுப்பும் இன்னொரு பொருளான புரதமும் ஏறக்குறைய இல்லை. ஆகவே பித்தப்பையைச் சுருங்கச் சொல்ல ஆள் இல்லாமல் போயிருக்கிறது. பித்தநீர் உள்ளேயே தேங்கும். உடம்பு வேகமாக இளைக்கும்போது கல்லீரல் அந்த நீரில் கொலஸ்ட்ராலை வழக்கத்தைவிட அதிகமாகக் கலக்கும். தேங்கின நீர், அதில் கூடுதல் கொலஸ்ட்ரால்: கல் பிடிக்க வேறென்ன வேண்டும்? வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இளைப்பவர்களுக்கு இந்த ஆபத்து நன்றாகக் கூடுகிறது. நீங்கள் அந்தக் கோட்டை ஒட்டியே போயிருக்கிறீர்கள். அப்புறம் ஒருநாள் கல்யாணப் பிரியாணி உள்ளே போகிறது. சிசிகே பாய்கிறது, சோம்பிக் கிடந்த பித்தப்பை ஒரேயடியாகச் சுருங்குகிறது, வாசலில் கல் நின்றால் வலி.

இந்த வாரமே உங்கள் டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை உள்ள பெண்களுக்கு மாரடைப்பு சில சமயம் மேல்வயிற்று வலியாகவே வரும் என்பதால் ஒரு இசிஜியும் எடுத்துவிடுவது நல்லது. குளிரோடு காய்ச்சல், கண் மஞ்சளாவது, சிறுநீர் டீ நிறத்தில் போவது, நாலைந்து மணி நேரத்துக்கு மேல் விடாத வலி, முதுகைத் துளைப்பது போன்ற கடும் வலி, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பத்தரை மணிக்கு வருவது பசிதானா?

இரண்டாவதாக என் கண்ணில் பட்டது "கை நடுங்குகிற மாதிரி" என்ற சொற்கள். அதைப் பசி என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். கிளிமிபிரைடு என்ற மாத்திரை நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது. கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். 84 கிலோவில், எண்ணெயும் இனிப்பும் சாப்பிட்ட காலத்தில் உங்களுக்குப் பொருந்திய அளவு, 11 கிலோ இளைத்து, ஒரு டம்ளர் கஞ்சியோடு அலுவலகம் போகும் இன்றைய உடம்புக்குக் கூடுதலாக இருக்கலாம். அப்படியானால் பத்தரை மணிக்கு நடப்பது தாழ்சர்க்கரை. பிஸ்கட்டைத் தேடியது உங்கள் நாக்கு இல்லை, மூளை.

கண்டுபிடிப்பது எளிது. குளுக்கோமீட்டரை ஒரு வாரம் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கம் வந்தவுடன், பிஸ்கட்டுக்கு முன், ஒரு சொட்டு ரத்தம். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அன்றே டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், மாத்திரை அளவை அவர் மாற்றுவார். 110, 120 என்று இருந்தால் அது பசிதான், மேலே படியுங்கள். எழுதி வைக்க மறக்காதீர்கள். கணக்குப் பார்ப்பவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

குடல் சாப்பாட்டைப் படிக்கும் விதம்

ஹார்மோன் என்ற சொல்லே குடலில் பிறந்தது. 1902-ல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரு உடலியல் அறிஞர்கள் ஒரு நாயின் சிறுகுடல் துண்டுக்குப் போகும் நரம்புகளை எல்லாம் வெட்டிவிட்டு அதில் அமிலத்தை ஊற்றினார்கள். நரம்பே இல்லாதபோதும் கணையம் சுரந்தது. ரத்தத்தின் வழியாக ஏதோ ஒரு சேதி போகிறது என்று புரிந்தது. அதற்கு செக்ரெடின் என்று பெயர் வைத்தார்கள். இந்த வகைச் சேதிகளுக்கு ஹார்மோன் என்ற பொதுப்பெயரை ஸ்டார்லிங் 1905-ல் ஒரு சொற்பொழிவில் பயன்படுத்தினார். 1960-களில் இன்னொன்று தெரிந்தது: ஒரே அளவு குளுக்கோஸை நரம்பில் ஏற்றுவதைவிட வாய்வழியாகக் கொடுத்தால் இன்சுலின் அதிகம் சுரக்கிறது. சாப்பாடு வருகிறது என்று குடல் கணையத்துக்கு முன்கூட்டியே ஆள் அனுப்புகிறது. அந்த ஆட்கள்தான் ஜிஐபியும், வீடியோக்காரர்கள் கொண்டாடும் ஜிஎல்பி-1-ம். நோயில்லாதவர்களுக்குச் சாப்பாட்டுக்குப்பின் சுரக்கும் இன்சுலினில் பாதிக்கு மேல் இவர்கள் கணக்கு. நம்மைப் போன்ற சர்க்கரைக்காரர்களுக்கு (ஆமாம், நானும்தான், 11 வருடமாக) அந்தப் பங்கு சுருங்கிவிடுகிறது.

இனி உங்கள் கஞ்சிக்கு வருவோம். நாற்பது கிராம் ராகி மாவு, மோர் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 150 கலோரி. இரைப்பை தன்னிடம் உள்ளதைச் சிறுகுடலுக்கு நிமிடத்துக்கு ஒன்றிலிருந்து நான்கு கலோரி என்ற கணக்கில்தான் விடும். அந்த வாசலைத் திறந்து மூடுவது சிறுகுடலில் சுரக்கும் சிசிகேயும் ஜிஎல்பி-1-ம். கொழுப்போ புரதமோ வந்தால் அவை வாசலை இழுத்துச் சாத்தி மெதுவாக விடச் சொல்லும். நீர்த்த மாவுக் கஞ்சியில் வாசலைச் சாத்தச் சொல்ல ஒன்றுமில்லை. ஏழரைக்குக் குடித்தது ஒன்பதுக்குள் இரைப்பையைக் காலி செய்துவிட்டுப் போய்விடும்.

கிரெலின் இங்கேதான் வருகிறது. இரைப்பையின் மேல்பகுதியில் சுரப்பது; 1999-ல் ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் கண்டுபிடித்தது. சாப்பாட்டுக்கு முன் ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். எதைச் சாப்பிட்டீர்கள் என்பதைப் பொறுத்து அது இறங்கும் விதம் மாறுகிறது. மாவுச்சத்து அதிகமுள்ள பானம், புரதம் அதிகமுள்ள பானம், கொழுப்பு அதிகமுள்ள பானம் என்று மூன்றையும் ஒரே ஆட்களுக்கு வெவ்வேறு நாளில் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2008-ல் வந்தது. மாவுச்சத்து கிரெலினை முதலில் நன்றாகவே அமுக்கியது. ஆனால் சில மணி நேரத்தில் அது பழைய அளவையும் தாண்டி எகிறியது. புரதம் அமுக்கியது நீடித்து நின்றது. கொழுப்பு இந்த வேலையில் மூவரில் பலவீனம். எட்டு மணிக்கு "வயிறு நிறைந்துவிட்டது" என்று கிளம்பிய நீங்கள் பத்தரை மணிக்கு டிராயரைத் திறப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

கொழுப்புக்கு வேறு வேலை. சிசிகேயைக் கிளப்புவதில் அதுதான் கெட்டிக்காரன். ஆனால் ஊற்றிய எண்ணெய் அப்படியே பேசாது. கணைய நீர் அதைக் கொழுப்பு அமிலங்களாக வெட்ட வேண்டும். அந்த அமிலச் சங்கிலியில் 12 கார்பனாவது இருக்க வேண்டும். பத்துக் கார்பன் உள்ளதைக் குடலில் விட்டுப் பார்த்தார்கள், சிசிகே அசையவில்லை, பன்னிரண்டுக்கு அசைந்தது. நம் கொங்கு நாட்டுச் சமையலில் இருக்கும் தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி இந்தப் பன்னிரண்டு கார்பன் லாரிக் அமிலம்தான். உடனே இரண்டு கரண்டி குடித்துவிட வேண்டாம், கலோரியும் அதில்தான் அதிகம். எண்ணெய் என்றாலே விஷம் என்று நீங்கள் எழுதியிருந்ததற்காக மட்டும் இதைச் சொல்கிறேன்.

புரதம் எல்லாரோடும் பேசும். சிசிகே, ஜிஎல்பி-1, குடலின் கடைப்பகுதியில் சுரக்கும் பிஒய்ஒய் மூன்றையும் எழுப்பும். பிஒய்ஒய்யை அது நன்றாகவே எழுப்பும். நீங்கள் முட்டையையும் பருப்பையும் சேர்த்து விட்டதுதான் என் கணக்கில் எண்ணெயை விட்டதைவிடப் பெரிய இழப்பு. நார்ச்சத்து கொஞ்சம் தாமதமாகப் பேசும்: செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள கிருமிகள் அதைப் புளிக்க வைத்து, அதில் வரும் சிறு கொழுப்பு அமிலங்கள் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் செல்களைத் தொடும். மனிதர்களில் இதன் பலன் வீடியோக்களில் சொல்லும் அளவுக்கு இல்லை, சுமார்தான். சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் சுக்ரலோஸ் போன்ற இனிப்பு மாத்திரைகள் ஜிஎல்பி-1-ஐக் கூட்டும் என்ற பேச்சும் மனிதர்களில் சோதித்தபோது நிற்கவில்லை.

வாயைக் கட்டத் தெரியவில்லை என்கிறீர்களே

இதை நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. 2011-ல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் ஐம்பது பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரியில் வைத்து இளைக்க வைத்தார்கள். ஒரு வருடம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தால், கிரெலின் இன்னும் உயரத்தில், பிஒய்ஒய்யும் சிசிகேயும் இன்னும் தாழ்வில், பசி அதிகம். உடம்பு இளைத்ததைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு, இழந்ததை மீட்க ஒரு வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டுகிறது. உங்கள் முள் நின்றதும், ஒன்றரைக் கிலோ திரும்பியதும் இந்த வரிசையில் வருபவைதான். மாமியார், நாத்தனார், யூடியூப் மூவரும் சேர்ந்து உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள். நீங்களும் ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்துவிட்டீர்கள். வேகமாக இறங்கியதைப் போல் மறுபடி இறங்க முயல வேண்டாம். மாதத்துக்கு ஒன்றரை, இரண்டு கிலோ போதும்.

தட்டில் மாற்றக்கூடியவை

எண்ணெயைப் பற்றி ஒரு நிபந்தனை: ஸ்கேன் முடிவு கைக்கு வரும்வரை கூட்ட வேண்டாம். கல் இருந்தால் அதே சிசிகே உங்களுக்கு மறுபடி வலியைத் தரும். அப்போது எவ்வளவு எண்ணெய், அறுவை சிகிச்சை வேண்டுமா என்பதை அறுவை மருத்துவர் சொல்வார். கல் இல்லை என்று தெரிந்தால் மதியமும் இரவும் இரண்டிரண்டு டீஸ்பூன் எண்ணெயில் சமைத்ததைச் சாப்பிடுங்கள். ஒரு வேளைக்குச் சுமார் பத்து கிராம் கொழுப்பு பித்தப்பை முறையாகச் சுருங்கிவிரியப் போதும்.

புரதத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை, நாளைக் காலையே தொடங்கலாம். ஒரு கப் பச்சைப்பயறு சுண்டல், அல்லது கொள்ளுச் சுண்டல். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பதை நான் மருத்துவ ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் நூறு கிராம் கொள்ளில் இருபது கிராமுக்கு மேல் புரதமும் கை நிறைய நாரும் இருப்பது உண்மை. பருப்பால் கேஸ் வருகிறது என்றால் எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழைய வேகவைத்து, முதல் வாரம் கால் கப்பில் ஆரம்பியுங்கள். கிருமிகள் பழகிக்கொள்ளும். முட்டையின் மஞ்சள்கருவை ஸ்கேன் வரை விட்டுவைக்கலாம், வெள்ளைக்கருவுக்குத் தடையில்லை.

கஞ்சியை விட வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் கஞ்சி குடித்தே நன்றாக இருந்தோம் என்று மாமியார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள்; அதிலும் பாதி சரி. அவர் காலத்துக் கம்பங்கஞ்சி உரலில் இடித்த கொரகொரப்போடு, தயிரும் சின்ன வெங்காயமும் சேர்ந்து, குடித்துவிட்டுக் காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கானது. நீங்கள் குடிப்பது மிக்ஸியில் பொடித்த மாவு. குடித்துவிட்டு உட்காருவது கம்ப்யூட்டர் முன்னால். சுண்டலை முதலில் மென்று சாப்பிட்டுவிட்டு, பின்னால் அரை டம்ளர் கஞ்சி குடியுங்கள்.

'முதலில், பின்னால்' என்று வேண்டுமென்றேதான் சொன்னேன். 2015-ல் நியூயார்க்கில் சர்க்கரை நோயாளிகள் 11 பேருக்கு ஒரே சாப்பாட்டை இரண்டு வரிசையில் கொடுத்தார்கள். ஒருநாள் ரொட்டியும் ஆரஞ்சுச் சாறும் முதலில், காயும் கோழியும் பிறகு. இன்னொரு நாள் தலைகீழாக. காயையும் கோழியையும் முதலில் சாப்பிட்ட நாளில் ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்த சர்க்கரை 37 விழுக்காடு குறைவு. அடுத்த வருடம் ஜப்பானில் சோற்றை வைத்தே செய்தார்கள்: சோற்றுக்குக் கால்மணி நேரம் முன்னால் மீனோ இறைச்சியோ. ஜிஎல்பி-1 கூடியது, இரைப்பை மெதுவாகக் காலியானது, சர்க்கரை அவ்வளவு ஏறவில்லை. சின்ன ஆய்வுகள்தான், இதனால் எடை குறையும் என்று யாரும் காட்டவில்லை. ஆனால் காசு செலவில்லாத காரியம். நம் இலையில் பொரியலும் கூட்டும் முதலில் வந்து விழுந்தாலும் கை சோறு வரும்வரை காத்திருக்கும். அந்த ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றுங்கள்: பொரியல், கொள்ளுக் கடைசல், தயிர் முதலில், சோறு கடைசியில், கொஞ்சம் குறைத்து.

வேகமும் கணக்கில் வரும். 300 மில்லி ஐஸ்கிரீமை 17 ஆண்களிடம் கொடுத்து, ஒருநாள் ஐந்து நிமிடத்திலும் இன்னொரு நாள் அரை மணியிலும் சாப்பிடச் சொன்னார்கள் (இப்படி ஓர் ஆய்வுக்கு என்னை யாரும் கூப்பிட்டதில்லை). மெதுவாகச் சாப்பிட்ட நாளில் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் இரண்டும் அதிகம். நீங்கள் ஏழு நிமிடத்தில் மதியச் சாப்பாட்டை முடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள்.

பேக்கேஜ், பவுடர், ஊசி

பேக்கேஜ் வேண்டாம். கிரெலின் மணிக்கு மணி மாறுவது. ஊசியில் எடுத்த ரத்தத்தைத் தனிப்பக்குவம் செய்யாவிட்டால் குழாய்க்குள்ளேயே சிதைந்துவிடும். ஜிஎல்பி-1 ரத்தத்தில் இரண்டு நிமிடத்தில் பாதியாகும். எந்த எண் வந்தாலும் அதை வைத்து உங்கள் டாக்டர் மாற்றக்கூடிய மருந்து எதுவும் இல்லை. அந்தப் பணத்தில் குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் வாங்குங்கள்.

பவுடரின் லேபிளில் உள்ளதாக நீங்கள் எழுதி அனுப்பியவை: இசப்கோல் உமி, சிக்கரி வேர் நார், பட்டை, பெர்பெரின். இசப்கோல் மருந்துக்கடையில் மலிவாகக் கிடைக்கும். பெர்பெரின் சர்க்கரையைக் குறைக்கும் தன்மை உள்ளது; எவ்வளவு கலந்திருக்கிறார்கள் என்று லேபிள் சொல்லவில்லை. ஏற்கெனவே பத்தரை மணிக்குக் கை நடுங்குபவர் கிளிமிபிரைடுக்கு மேல் அதைச் சேர்ப்பதை நான் அனுமதிக்க மாட்டேன். இதில் ஒரு முரணும் உண்டு. ஜிஎல்பி-1-ஐ உடைக்கும் டிபிபி-4 என்ற நொதியைத் தடுப்பதுதான் உங்கள் வில்டாகிளிப்டினின் வேலை. மூன்று வருடமாகத் தினம் இரண்டு வேளை நீங்கள் ஜிஎல்பி-1-க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

ஊசியை நான் குறைத்துப் பேச மாட்டேன். உங்கள் நிலையில் அது நியாயமான ஒரு வழி. அதன் வரலாறும் அழகானது. ஜான் எங் என்ற அமெரிக்க மருத்துவர் 1992-ல், கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் எச்சில் நஞ்சில், ஜிஎல்பி-1-ஐப் போலவே வேலை செய்யும், ஆனால் சீக்கிரம் உடையாத ஒரு பொருளை அறிவித்தார். அதிலிருந்து வந்த முதல் மருந்து 2005-ல் சந்தைக்கு வந்தது. வாரம் ஒருமுறை போடும் இன்றைய ஊசி மருந்தான செமாக்ளூடைடு ரத்தத்தில் பாதியாக ஒரு வாரம் பிடிக்கிறது. இரண்டு நிமிடத்துக்கும் ஒரு வாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தால்தான், எந்தச் சுண்டலும் எந்தப் பவுடரும் ஊசியின் வேலையைச் செய்யாது. சர்க்கரை இல்லாத பருமனானவர்களிடம் செமாக்ளூடைடு 68 வாரத்தில் சராசரியாக எடையில் 14.9 விழுக்காட்டைக் குறைத்தது. சர்க்கரை உள்ளவர்களில் 9.6. நிறுத்திய ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. ஆகவே இது நாத்தனாரின் ஊசியில் நாலு வாரம் கடன் வாங்கும் சமாச்சாரம் இல்லை. மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கவும் கூடாது.

உங்களைப் பொறுத்தவரை அதற்கு முன் நடக்க வேண்டியவை உண்டு. இந்த ஊசி பித்தப்பையை இன்னும் சோம்பலாக்கும், கல் ஆபத்தையும் கூட்டும். எனவே ஸ்கேன் முதலில். ஊசி தொடங்கினால் வில்டாகிளிப்டினை நிறுத்துவார்கள், இரண்டும் ஒரே பாதை என்பதால் சேர்ப்பதில் லாபமில்லை. கிளிமிபிரைடைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும். சர்க்கரை திடீரென்று இறங்கும்போது கண் விழித்திரை சிலருக்கு மோசமாகும், ஆகவே கண் பரிசோதனை. குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்ததா, உங்களுக்குக் கணைய அழற்சி வந்ததுண்டா என்று கேட்பார்கள், மறைக்காமல் சொல்லுங்கள். மாதா மாதம் ஆகும் செலவை வருடக்கணக்கில் தாங்க முடியுமா என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

ஸ்கேனைப் பற்றி ஒரு விஷயம் பாக்கி. ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். சாப்பிட்டால் சிசிகே சுரந்து பித்தப்பை சுருங்கிவிடும், சுருங்கிய பைக்குள் கல் தெரியாது என்பதுதான் காரணம். ஆனால் வெறும் வயிற்றில் கிளிமிபிரைடு உங்களுக்கு ஆபத்து. முதல் நாளே உங்கள் டாக்டருக்குப் போன் போட்டு, காலை மாத்திரையை ஸ்கேன் முடிந்து சாப்பிடும்போது போடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் முதல் ஆளாக நேரம் வாங்குங்கள். கைப்பையில் குளுக்கோமீட்டரும் ஒரு சின்னப் பொட்டலம் சர்க்கரையும் இருக்கட்டும்; வரிசை நீண்டு நடுக்கம் வந்தால், ஸ்கேன் போனாலும் பரவாயில்லை, குடித்துவிடுங்கள். மறுநாள் எடுத்துக்கொள்ளலாம்.